‘தி வயர்’ தொடரைப் பாதியில் விடாமல் பார்க்க: முதல்முறை பார்ப்பவருக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போலீஸ், போதைப்பொருள் விற்கும் தெருமுனைகள், துறைமுகத் தொழிலாளர்கள், மேயர் அலுவலகம், பள்ளிக்கூடம், பத்திரிகை ஆபீஸ் என்று ஒரு நகரத்தையே ஐந்து சீசன்களில் விரித்துச் சொல்லும் தொடர் ‘தி வயர்’. எச்பிஓ தொலைக்காட்சியில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை வந்தது. மொத்தம் 60 எபிசோடுகள். சீசன் வாரியாக 13, 12, 12, 13, 10. உருவாக்கியவர் டேவிட் சைமன், ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் கொலை விசாரணைப் பிரிவில் டிடெக்டிவாக இருந்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர்.

தொடரின் பலமும் முதல்முறை பார்ப்பவரின் திணறலும் இங்கிருந்துதான் வருகின்றன. தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ அப்படியே எல்லோரும் பேசுகிறார்கள். பார்ப்பவருக்காக யாரும் நின்று விளக்குவதில்லை. முந்தைய சம்பவத்தை நினைவூட்டும் ஃபிளாஷ்பேக் முதல் எபிசோடின் கடைசியில் ஒரே ஒரு முறை வருகிறது, அதற்கப்புறம் கிடையாது. சோகமா, ஆபத்தா என்று சொல்லித்தரும் பின்னணி இசையும் இல்லை. கார் ரேடியோவிலோ கடையிலோ பாட்டு ஓடினால்தான் நமக்கும் கேட்கும். சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சி போன்ற சில இடங்கள் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவது அல்லது மூன்றாவது எபிசோடில் ‘யார் யாரென்றே தெரியவில்லை’ என்று தோன்றுவது சகஜம். குறைந்தது ஐந்து எபிசோடு பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான்காவதில் ஆட்கள் பிடிபடுவார்கள், ஐந்தாவதில் வழக்கு பிடிபடும்.

பார்ப்பதற்கு முன்

இந்தத் தொடர் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதலில் ஒளிபரப்பானது பழைய டிவியின் 4:3 சட்டகத்தில். டிவிடிகளில் இருப்பதும் அதுதான். 2014 இறுதியில் எச்பிஓ இதை எச்டியாக்கி, 16:9 அகலத் திரைக்கு மாற்றி வெளியிட்டது. உங்கள் திரையின் இரண்டு ஓரமும் கறுப்பாக இருந்தால் பழையது. திரை முழுக்க நிறைந்திருந்தால் புதியது. முதல்முறைக்குப் புதியதே போதும். இருட்டில் நடக்கும் காட்சிகளில் முகம் தெளிவாகத் தெரிவது ஆட்களை அடையாளம் வைத்துக்கொள்ளப் பெரிய உதவி. காட்சி அமைப்பில் ஆர்வம் இருப்பவர் பழையதைத் தேடிப் பார்க்கலாம். ஒரு சட்டகத்தில் இருவரை நெருக்கி வைத்து எடுத்த ஷாட்டுகள் 4:3இல்தான் எடுத்தபடி நிற்கின்றன.

ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். மேற்கு பால்டிமோர் கறுப்பின இளைஞர்களின் தெருப்பேச்சு, போலந்து வம்சாவளித் துறைமுகத் தொழிலாளர்களின் பேச்சு, போலீஸ் அலுவலகப் பேச்சு என்று மூன்று வகை ஆங்கிலம் இதில் உண்டு. காது கேளாதோருக்கான சப்டைட்டில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பேசுபவர் பெயரும், அறைக்கு வெளியே கேட்கும் சத்தமும் அதில் எழுத்தில் வரும். ஒட்டுக்கேட்கும் காட்சிகளில் அது கைகொடுக்கும். வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். கையில் போனை வைத்துக்கொண்டும் பார்க்காதீர்கள், ஏனென்றால் பல முக்கியமான தகவல்கள் வசனமே இல்லாமல் ஒரு பார்வையிலோ மேசைமேல் கிடக்கும் காகிதத்திலோ வந்து போகும்.

அதைவிட முக்கியம், கதாபாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடாமல் இருப்பது. பெயரைப் பாதி அடித்ததுமே தேடல் பெட்டி அவர் எப்படிச் சாகிறார் என்று சொல்லிவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள்: பெயர், பட்டப்பெயர், யாருக்குப் பதில் சொல்கிறவர். மூன்றாவது பத்திதான் உயிர். போலீஸோ விற்பனைக் கும்பலோ தொழிற்சங்கமோ, எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஒரு காட்சி புரியாவிட்டால் ‘இவன் யாருக்குப் பயப்படுகிறான், அவருக்கு என்ன கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் விடை கிடைத்துவிடும். முழுத் தொடருக்கும் இந்த ஒரு சாவி போதும்.

ஒரு எபிசோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தொடரின் கடைசி எபிசோடு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரே அமர்வில் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். அதே சமயம் ஒரு சீசனின் நடுவில் பத்து நாள் இடைவெளி விட்டால் நூல் அறுந்துவிடும். இடைவெளியைச் சீசன்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வன்முறை, போதை ஊசி, நிர்வாணம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. குழந்தைகள் இருக்கும் கூடத்தில் ஓட்டக்கூடியதில்லை.

முதல் எபிசோடை இரண்டு தடவை

முதல் எபிசோடில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. டி ஏஞ்சலோ பார்க்ஸ்டேல் என்ற இளைஞன் மீது கொலை வழக்கு. சாட்சி பேச்சை மாற்றிவிட, அவன் விடுதலையாகிறான். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பார்வையாளர் வரிசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டில் ஏதோ எழுதியபடி இருப்பவர் ஸ்ட்ரிங்கர் பெல், டி ஏஞ்சலோ இருக்கும் போதைப்பொருள் கும்பலின் இரண்டாமவர். கும்பலின் தலைவன் ஏவன் பார்க்ஸ்டேல் அங்கே இல்லவே இல்லை. அவனுடைய புகைப்படம்கூடப் போலீஸிடம் கிடையாது.

பார்வையாளராக வந்திருக்கும் டிடெக்டிவ் ஜிம்மி மெக்நல்டியை நீதிபதி ஃபெலன் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார். அந்தப் பேச்சுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நீதிபதி துணைக் கமிஷனருக்குப் போன் போடுகிறார். துணைக் கமிஷனர் பர்ரல் கொலைப்பிரிவுத் தலைவர் மேஜர் ராலஸைப் பிடித்துக் கேட்கிறார். ராலஸ் மெக்நல்டி மீது பாய்கிறார். மேலிடத்தின் வாயை அடைக்க ஒரு சிறப்புக் குழு உருவாகிறது. வழக்கு முடிய வேண்டும் என்று மேலே யாரும் நினைக்கவில்லை, அதனால் ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டாத ஆட்களையே அந்தக் குழுவுக்குத் தள்ளிவிடுகிறது. குழுவுக்கு ஒதுக்கும் இடம் ஓர் அடித்தளத்து அறை. இந்தச் சங்கிலி புரியாமல் பார்த்தால், ஏன் போலீஸே போலீஸுக்குத் தடையாக இருக்கிறது என்று எரிச்சல்தான் வரும். முதல் எபிசோடை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுநாள் இன்னொருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு இரண்டாவதுக்குப் போங்கள். இதற்கு ஆகும் ஒரு மணி நேரம் பின்னால் பல மணி நேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

பதவி வரிசையை மேலிருந்து கீழாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: கமிஷனர், துணைக் கமிஷனர், கர்னல், மேஜர், லெப்டினன்ட், சார்ஜென்ட், அதற்குக் கீழே டிடெக்டிவும் ரோந்துக் காவலரும். மேஜர் என்றால் ஒரு பெரிய பிரிவுக்கோ ஒரு சரகத்துக்கோ தலைவர். சிறப்புக் குழுவை நடத்தும் டேனியல்ஸ் லெப்டினன்ட், மேஜராக வேண்டியவர். அதனால் வழக்கின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் நடுவே இழுபறி. அரசு வழக்கறிஞர் அலுவலகம் போலீஸுக்குக் கீழே வராது. அதன் தலைவர் தேர்தலில் ஜெயித்து வருபவர், எனவே அங்கேயும் ஓட்டுக் கணக்கு உண்டு.

கொலைப்பிரிவுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். துப்புத் துலங்காத கொலை சிவப்பு எழுத்தில், முடிந்தது கறுப்பு எழுத்தில். ஒவ்வொரு சார்ஜென்ட்டின் பெயருக்குக் கீழும் எத்தனை சிவப்பு இருக்கிறது என்பதே அவருடைய மரியாதை. ஒரு பிணம் கிடைத்ததும் டிடெக்டிவ்கள் முகம் சுளித்து, இது யார் எல்லையில் விழுந்தது என்று சண்டை போடுவது இரக்கமில்லாததால் வருவதில்லை. ஒரு சிவப்புப் பெயர் கூடுகிறது, சதவீதம் இறங்குகிறது, மேஜரிடம் ஏச்சு விழுகிறது. பிற்பாடு மூன்றாம் சீசனில் சரகத் தலைவர்களை மேடையில் நிறுத்தி எண்களை வைத்துக் குடையும் கூட்டங்கள் வரும்போது இந்தப் பலகையை நினைவில் வையுங்கள்.

ஒட்டுக்கேட்பது எப்படி நடக்கிறது

தொடரின் பெயரே இதிலிருந்து வந்தது, ஆனால் கம்பி போடுவதற்கே பல எபிசோடுகள் ஆகும். சட்டம் அப்படி. அமெரிக்காவில் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கான கூட்டாட்சிச் சட்டம் 1968இல் வந்தது. அதன்படி நீதிபதியிடம் போய் நின்றால் மட்டும் போதாது. ஆளை வைத்துப் பின்தொடர்ந்தோம், உளவாளி மூலம் வாங்கிப் பார்த்தோம், எதுவும் பலிக்கவில்லை, இனி இதைத் தவிர வழியில்லை என்று எழுத்தில் காட்ட வேண்டும். உத்தரவு அதிகபட்சம் 30 நாள், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். அதனால்தான் முதல் சில எபிசோடுகளில் கூரைமேல் உட்கார்ந்து படம் எடுப்பதும், பபிள்ஸ் என்ற போதை அடிமை உளவாளியாகத் தொப்பி விற்பதும் அவ்வளவு நேரம் காட்டப்படுகின்றன. அதை இழுவை என்று ஓட்டிவிடாதீர்கள். உத்தரவு வாங்குவதற்கான ஆதாரம் அங்கேதான் சேர்கிறது.

கேட்கத் தொடங்கிய பிறகும் விதி தொடர்கிறது. வழக்கோடு தொடர்பில்லாத பேச்சு என்று தெரிந்ததும் ஒலியை நிறுத்திவிட வேண்டும். இடையிடையே மட்டும் எட்டிப் பார்க்கலாம். கும்பல் பயன்படுத்துவது தெருவிலுள்ள காசு போடும் பொதுத் தொலைபேசி. அதில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆகவே சந்தேக நபர்தான் பேசுகிறார் என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் கேட்க முடியும். கூரையில் ஒருவர், அறையில் ஒருவர் என்று எப்போதும் இருவர் வேலை செய்வது இதனால்தான். கூரையிலிருப்பவர் இறங்கிப் போய்விட்டால் அறையிலிருப்பவரின் பதிவு நீதிமன்றத்தில் நிற்காது.

கும்பலுக்கு முதல் விதி காரிலும் போனிலும் தொழில் பேசக்கூடாது என்பது. முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் பேஜரில் (அனுப்பிய எண்ணை மட்டும் காட்டும் சின்னக் கருவி) எண் அனுப்புவார்கள், வாங்கியவர் பொதுத் தொலைபேசிக்குப் போய்த் திருப்பி அழைப்பார். அந்த எண் சங்கேதத்தில் இருக்கும். அதை நீங்களே கண்டுபிடிக்க விரும்பினால் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள். போன் விசைப்பலகையைக் கண்முன் வையுங்கள். நடுவில் 5. ஒவ்வோர் எண்ணுக்கும் 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் இருப்பது எதுவோ அதுதான் உண்மையான எண்: 1க்கு 9, 2க்கு 8, 3க்கு 7, 4க்கு 6, அப்படியே திருப்பியும். 5ம் 0வும் தங்களுக்குள் இடம் மாறும். கணக்குப் போட வேண்டியதில்லை, விரலைத் தாண்டி வைத்தால் போதும். தெருப்பையனும் மறக்காத சங்கேதம். போலீஸில் யார் இதைக் கண்டுபிடிக்கிறார் என்பது தொடரின் அழகான இடங்களில் ஒன்று.

மூன்றாம் சீசனில் பேஜர் போய், வாங்கிச் சில நாளில் தூக்கிப்போடும் ப்ரீபெய்டு செல்போன் வந்துவிடும். உத்தரவு கையெழுத்தாவதற்குள் எண் செத்துவிடும். சட்டம் ஒரு வேகத்திலும் தெரு ஒரு வேகத்திலும் ஓடுவதை அங்கே பார்க்கலாம்.

தெருவின் வேலைப் பிரிவினை

டி ஏஞ்சலோவுக்குக் கொடுக்கப்படும் இடம் அரசுக் குடியிருப்பின் தாழ்வான வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றம். ஆரஞ்சு நிறச் சோபா கிடக்கும் இடம். உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தில் விற்றுக்கொண்டிருந்தவனை இங்கே போடுவது பதவி இறக்கம். வாடிக்கையாளரைக் கூவி அழைப்பவன் ஒருவன், பணம் வாங்குபவன் வேறொருவன், சரக்கை எடுத்துவந்து கொடுப்பவன் மூன்றாமவன். சரக்கு எவன் சட்டைப்பையிலும் இருக்காது, பக்கத்தில் எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். பணத்தையும் சரக்கையும் ஒரே கையில் வைத்துப் போலீஸ் பிடிக்க முடியாததற்கு இதுவே காரணம். எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், ஏனென்றால் சிறுவனுக்குத் தண்டனை குறைவு. சரக்குத் தீர்ந்து புதிதாக வரும் நேரம்தான் போலீஸ் காத்திருக்கும் நேரம். சப்டைட்டிலில் ‘ரீ-அப்’ என்று வந்தால் அதுதான். ‘ஸ்டாஷ்’ ஒளித்துவைத்த சரக்கு, ‘ஹாப்பர்’ தெருவில் வேலை பார்க்கும் சிறுவன், ‘பர்னர்’ தூக்கிப்போடும் போன், ‘ஹம்பிள்’ ஆளை உள்ளே தள்ளுவதற்காகப் போடும் சின்ன வழக்கு. இந்த ஐந்து தெரிந்தால் முதல் சீசனைக் கடந்துவிடலாம்.

இரண்டாம் சீசனைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பழகிய தெருமுனையை விட்டுத் திடீரென்று துறைமுகத்தில் தொடங்குகிறது, முகங்களெல்லாம் புதிது, ஆகவே இங்கே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ‘மூன்றுக்குப் போ’ என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அது தவறான யோசனை. மூன்றாம் சீசனின் பண ஓட்டமும் சரக்கு ஓட்டமும் இரண்டில் போட்ட தடத்தில்தான் போகின்றன. அதைவிடப் பெரிய காரணம், உழைக்கும் மக்களின் வாழ்க்கையை இந்த அளவு நெருங்கி எழுதிய தொலைக்காட்சி சீசன் அபூர்வம்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்கு அன்றன்றைய வேலை, சீனியாரிட்டி வரிசையில் கொடுக்கப்படுகிறது. கப்பல் வரத்துக் குறைந்தால் முதலில் வேலை இழப்பவர் இளையவர்கள். சங்கச் செயலாளர் ஃபிராங்க் சொபாட்காவின் சகோதரர் மகன் நிக்குக்கு மாதத்தில் சில நாள் வேலை கிடைத்தாலே பெரிது. கண்டெய்னர் எங்கே இறங்கியது, எந்த லாரியில் ஏறியது என்று கையடக்கக் கணினியில் பதிபவர்தான் செக்கர். அவர் பதியாத கண்டெய்னர் துறைமுகத்தின் கணக்கிலேயே இல்லை. ஒரு குற்றத்தின் முழுத் தொழில்நுட்பமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. செக்கரின் கையைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஃபிராங்குக்குப் பணம் தேவைப்படுவது தனக்காக இல்லை. பெரிய கப்பல்கள் வரும்படி கால்வாயை ஆழப்படுத்த வேண்டும், தானியக் கப்பல்கள் நிற்கும், இப்போது மூடிக்கிடக்கும் தானியத் துறையை மீண்டும் திறக்க வேண்டும். அதற்கு அரசியல்வாதிகளை வளைக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும். மறுபக்கம் அந்தத் தானியத் துறை நிலத்தின்மேல் சொகுசு வீடு கட்டுபவர்களுக்குக் கண். வழக்கு தொடங்குவதோ ஒரு தேவாலயத்தின் வண்ணக்கண்ணாடி ஜன்னலில். போலீஸ் அதிகாரி வால்செக் ஒன்றைக் கொடுக்க நினைத்த இடத்தில் துறைமுகத் தொழிலாளர்களின் நன்கொடை ஜன்னல் ஏற்கெனவே ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில் ஃபிராங்குக்கு எங்கிருந்து இவ்வளவு பணம் என்று தோண்டச் சொல்கிறார். முதல் சீசனில் ஒரு நீதிபதியின் எரிச்சல், இரண்டில் ஒரு மேஜரின் பொறாமை: பெரிய வழக்குகள் இங்கே நீதியுணர்ச்சியால் தொடங்குவதே இல்லை.

பால்டிமோர் பற்றி

பால்டிமோர் எந்தக் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்றது) உட்படாத தனி நகரம். அதைச் சுற்றியிருக்கும் பால்டிமோர் கவுண்டி வேறு நிர்வாகம், வேறு போலீஸ். பெயர் ஒன்றுபோல இருப்பதால் எல்லைத் தகராறுக் காட்சிகளில் குழம்பாதீர்கள். 1950இல் 9,49,708 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2000இல் 6,51,154. எஃகு ஆலை, கப்பல் வேலைகள் குறைந்து, ஆட்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். திரையில் வரிசை வரிசையாக, ஒட்டுப்பலகை அறைந்து மூடிக்கிடக்கும் வீடுகள் செட் கிடையாது, அப்படியே அங்கே எடுத்தவை. நான்காம் சீசனில் அந்த வீடுகளுக்கு வேறொரு வேலை வருகிறது. மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸ். நகரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் மேயர் அங்கே போய் நிற்க வேண்டும். நகரில் ஜனநாயகக் கட்சிதான் பலம். ஆகவே மேயர் தேர்தல் என்று தொடர் காட்டும் பரபரப்பெல்லாம் அந்தக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வில்தான் முடிவாகிறது.

மூன்று முதல் ஐந்து வரை

மூன்றாம் சீசன் சீர்திருத்தம் பற்றியது. ஓய்வுபெறப்போகும் ஒரு சரகத் தலைவர் யாரையும் கேட்காமல் ஒரு சோதனையில் இறங்குகிறார். நான்காவது நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு, நான்கு பையன்கள்: நேமண்ட், மைக்கேல், ரேண்டி, டூக்கி. எட் பர்ன்ஸின் ஆசிரிய அனுபவம் முழுவதும் இதில் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணை ஏற்றிக்காட்டும் பள்ளியும் குற்ற எண்ணிக்கையை இறக்கிக்காட்டும் போலீஸும் ஒரே வேலையைச் செய்வதை இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வைத்துக் காட்டும்போது, உங்கள் தாளின் மூன்றாவது பத்தியைத் திரும்பப் பாருங்கள். ஐந்து சீசன்களில் மனசை மிகவும் உலுக்குவது இதுதான். முடித்ததும் ஒரு வாரமாவது விட்டுவிட்டு ஐந்துக்குப் போங்கள். ஐந்தாவது, ஆட்குறைப்பு நடக்கும் நாளிதழ் அலுவலகத்தில் ஓடுகிறது. மெக்நல்டி செய்யும் ஒரு காரியம் நம்பும்படி இல்லை என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் 10 எபிசோடுதான். கடைசி இரண்டு முந்தைய 58க்கும் கணக்குத் தீர்க்கின்றன.

தொடக்கப் பாடலைத் தாண்டிவிடாதீர்கள். ஒரே பாட்டு, சீசனுக்கு ஒருவராகப் பாடியிருக்கிறார்கள். இரண்டாம் சீசனில் பாடுபவர் அதை எழுதிய டாம் வெய்ட்ஸ். நான்காவதில் பால்டிமோர் பதின்வயதினர். பாட்டோடு ஓடும் துண்டுப்படங்களில் அந்தச் சீசனின் துப்புகள் கிடக்கும். பாட்டு முடிந்ததும் திரையில் வரும் ஒற்றை மேற்கோள் பெரும்பாலும் அந்த எபிசோடிலேயே யாரோ பேசும் வரி. எபிசோடு முடியும்போது, அது யார் வாயிலிருந்து, எந்த இடத்தில் வந்தது என்று தாளில் குறித்து வையுங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது நல்ல வழிகாட்டி.

எல்லாம் முடிந்து இன்னும் வேண்டுமென்றால், இதே ஆட்கள் இதே நகரத்தைப் பற்றி எடுத்தவை இருக்கின்றன. சைமனும் பர்ன்ஸும் எழுதிய புத்தகத்திலிருந்து 2000இல் வந்த ‘தி கார்னர்’ ஆறு எபிசோடு, போதைக்குள் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை. 2022இல் வந்த ‘வீ ஓன் திஸ் சிட்டி’யும் ஆறுதான், பால்டிமோர் போலீஸின் துப்பாக்கி மீட்புப் பிரிவு ஒன்றின் ஊழலைப் பற்றியது. முதலில் ‘தி கார்னர்’ பாருங்கள். ‘வீ ஓன் திஸ் சிட்டி’ காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டுச் சொல்வதால், அதற்கும் ஒரு தாள் தேவைப்படும். இந்த முறை நாலாவது பத்தியில் ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.